ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ்

வங்க நாட்டிற் குடியேறி வாழும் தமிழராகிய நாம், நமக்கு அன்னமிடும் இந்நாட்டின் பெரியோரை அறிந்திருத்தல் கடமையாகும். அப்பெரியோருள் விஞ்ஞானத் துறையில் ஒப்புயர்வற்று விளங்கிய ஜகதீச சந்திர போஸ் அவர்களின் வரலாற்றை இம்மலரிற் சுருங்கக் கூற விழைகின்றோம்.

போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் டிபுடி மாஜிஸ்டிரேட் பதவி வகித்தவர். அவர் தம் மைந்தனை முதலில் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பவில்லை. தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். அங்கே செம்படவர் மகனும் ஏவலாளர் மகனும் அச்சிறுவனுக்கு இருபுறமும் அமர்ந்து படித்தனர். பின்னர்க் கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரியிலும் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலும் கல்வி பயின்று, 1885-இல் தாயகம் திரும்பிக் கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிக ஆசிரியரானார்.

அக்காலத்தில் ஐரோப்பிய ஆசிரியர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு உரியதாக இருந்தது. போஸின் நியமனம் தற்காலிகமென்று அதிலும் பாதியே அளிக்கப்பட்டது. அவர் வேலையை விடவுமில்லை, சம்பளத்தைத் தொடவுமில்லை. மூன்று ஆண்டுகள் ஒரு காசும் பெறாமல் வகுப்புகளைக் குறைவற நடத்தினார். தந்தையாரோ மக்கள் நலன் கருதித் தொடங்கிய தொழில்களில் நஷ்டமுற்றுக் கடன்பட்டிருந்தார். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு அந்த மூன்று ஆண்டுகளின் கடுமை விளங்காமற் போகாது. இறுதியில் அரசாங்கமே இணங்கி, முழு ஊதியத்தையும் முன்தேதியிட்டு வழங்கிற்று. அத்தொகை தந்தையாரின் கடனைத் தீர்க்கச் சென்றது.

1887-இல் அவர் மணந்த அபலா அம்மையார், கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத அந்நாளில், நம் சென்னை மாநகருக்கு வந்து மருத்துவம் பயின்றவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

இனி, அவர் ஆராய்ந்த பொருளைச் சிறிது காண்போம். ஒளியும், அடுப்பினின்று வீசும் வெப்பக் கதிரும், வானொலி அலையும் ஒரே இனத்தைச் சேர்ந்த மின்காந்த அலைகளே. அலையின் நீளம் ஒன்றே அவற்றுள் வேற்றுமை செய்கிறது. மாக்ஸ்வெல் கணிதத்தால் இதனை நிறுவினார். ஹெர்ட்ஸ் 1888-இல் மின்பொறியால் அவ்வலைகளை எழுப்பிக் காட்டினார். ஆயினும் ஹெர்ட்ஸின் அலைகள் முழ நீளத்திற்கும் மேற்பட்டவை. அவற்றை வளைக்கவும் குவிக்கவும் மிகப் பெரிய கருவிகள் வேண்டும். போஸோ 5 மில்லிமீட்டர் முதல் 25 மில்லிமீட்டர் வரையுள்ள குறுகிய அலைகளை உண்டாக்கினார். அதனால் அவருடைய கருவிகள் ஒரு மேஜைமீது அடங்கின. கல்லூரியில் அவருக்குத் தக்க ஆராய்ச்சிச் சாலை இல்லை. சிறு அறையொன்றில், உள்ளூர்த் தகரத் தொழிலாளியைப் பழக்கி, சொந்தச் செலவிலேயே கருவிகள் செய்வித்தார்.

அவற்றுள் ஒன்று ரயில்வே குடும்பத்தினராகிய நமக்குச் சுவை மிக்கது. ஒளியைப் போலவே இக்கதிரும் ஒரு குறிப்பிட்ட திசையில் அதிர்கின்றது என்று காட்ட, பிராட்ஷா ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே மெல்லிய வெள்ளீயத் தாள்களைச் செருகினார். புத்தகத்தை ஒரு வாட்டத்திற் பிடித்தால் கதிர் ஊடுருவும்; அதையே திருப்பிப் பிடித்தால் தடைப்படும். வங்கத்தின் சணல் நாரை முறுக்கி வைத்தும் வேறொரு சோதனை செய்தார்.

1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் மக்கள் காண, கண்ணுக்குப் புலனாகாத இக்கதிரைச் சுவர்களுக்கு அப்பால் செலுத்தி மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைப் பற்றவும் செய்தார். 1897-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அறிஞர்கள் முன் சொற்பொழிவாற்றினார். நண்பர்களின் தூண்டுதலால் 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை ஒன்று அவருக்குக் கிட்டியது. அதனைக் கொண்டு பொருளீட்ட அவர் முயலவில்லை.

பின்னர்ச் செடிகொடிகளின் உணர்வை ஆராய்வதில் ஈடுபட்டார். 1917-இல், தம் பிறந்த நாளிலேயே, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். 1920-இல் ராயல் சொஸைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1937 நவம்பர் 23-ஆம் நாள் கிரிதியில் மறைந்தார்.

அவர் விதைத்த விதை வீண்போகவில்லை. பூமியின்மேல் உள்ள ஒவ்வொரு பொருளும் தன் வெப்பத்திற்கேற்ப மின்காந்த அலைகளை வெளிவிடுகின்றது. அவற்றை வானிலிருந்து அளந்து, தொடாமலே பொருளின் தன்மையை அறிவதே தொலையுணர்வு ஆகும். 1979-இல் ஏவப்பட்ட நம் பாஸ்கரா செயற்கைக்கோளில் இருந்த மானி, கடலையும் காற்றிலுள்ள நீராவியையும் ஏறத்தாழ 13, 15 மில்லிமீட்டர் அலைகளைக் கொண்டே அளந்தது. அன்று பிரஸிடென்ஸி கல்லூரியின் சிற்றறையிற் பிறந்த அலைகளின் வரிசையைச் சேர்ந்தவையே அவையும்.

வசதி வந்த பின்னரே சாதிப்போம் என்று அவர் காத்திருக்கவில்லை. மானத்தை விற்று வசதியைத் தேடவுமில்லை. நம் குடியிருப்பில் வளரும் சிறுவர் சிறுமியர் இவ்வரலாற்றை மனத்திற் கொள்வார்களாக!