ஒன்பது வயது ராஜா



நான் நம்முடைய சபையின் ஓய்வுநாள் பாடசாலையில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிறேன். போன மாதம் யோசியா ராஜாவைப் பற்றிச் சொன்னேன். எட்டு வயதிலே சிங்காசனம் ஏறினான் என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. பள்ளிக்கூடம் போகவேண்டாம், திட்டுறதுக்கு ஆள் கிடையாது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். ஒரு பையன் மட்டும் எழுந்து, அவனுக்குக் காய்ச்சல் வந்தா பக்கத்துல யார் இருப்பாங்க டீச்சர் என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்தேன். அப்போது என் மனதில் வந்து நின்றவன் இங்கிலாந்து தேசத்து ஆறாம் எட்வர்ட். அவன் காலத்துச் சீர்திருத்தக்காரர்கள் அவனை யோசியாவுக்குத்தான் ஒப்பிட்டார்கள். அவனுடைய கதையை அந்தப் பையனுக்குச் சொல்லவேண்டும் என்று வாசித்தேன். வாசித்ததை உங்களுக்கும் எழுதுகிறேன்.

எட்வர்ட் 1537-ம் வருஷம் அக்டோபர் 12-ம் தேதி ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் பிறந்தான். தகப்பன் எட்டாம் ஹென்றி ராஜா. ஓர் ஆண்பிள்ளைக்காக அந்த மனிதன் என்னவெல்லாம் செய்தான் என்பது உலகமே அறிந்த கதை. ஆகவே பிள்ளை பிறந்ததும் லண்டன் பட்டணமே கொண்டாடியது. ஆனால் பன்னிரண்டாம் நாளில் தாய் ஜேன் சீமோர் இறந்துபோனாள். பெற்றவளின் முகம் அவனுக்குத் தெரியாது. ஆறு வயது வரைக்கும் செவிலிப் பெண்களின் கையில் வளர்ந்தான். அதன்பின் ரிச்சர்ட் காக்ஸ், ஜான் சீக் என்னும் பண்டிதர்கள் வந்து லத்தீனும் கிரேக்கும் வேதமும் கற்றுக்கொடுத்தார்கள். பையன் படிப்பில் கெட்டிக்காரன்.

1543-ல் ஹென்றி ஆறாவது முறையாக விவாகம் செய்த கேத்தரின் பார் நல்ல மனுஷி. எட்வர்ட் அவளைத் தாயாகவே எண்ணிக் கடிதம் எழுதினான். அவளும் 1548-ல் பிரசவத்துக்குப் பின் காய்ச்சலில் இறந்துபோனாள். பதினோரு வயது முடியுமுன் இந்தப் பிள்ளை தாய், தகப்பன், தாயாக வந்தவள் என்று மூன்று பேரையும் இழந்தான்.

தகப்பன் இறந்தது 1547 ஜனவரி 28-ம் தேதி. இதை மூன்று நாள் வெளியே சொல்லவில்லை. அதற்குள் தாய்மாமன் எட்வர்ட் சீமோர் குதிரை ஏறி, ஹெர்ட்ஃபோர்டில் இருந்த பையனை அழைத்துக்கொண்டு என்ஃபீல்டுக்குப் போனான். அங்கே அக்காள் எலிசபெத் இருந்தாள். பதின்மூன்று வயது அவளுக்கு. இரண்டு பேரையும் ஒன்றாக வைத்துச் செய்தியைச் சொன்னார்கள். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்களாம். அழுது முடிப்பதற்குள் ராஜா என்று சொல்லி முழங்கால் போட்டார்கள் பெரியவர்கள்.

முடிசூட்டு விழா பிப்ரவரி 20-ம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நடந்தது. சிறுபிள்ளை களைத்துப்போவான் என்று ஆராதனை முறையைச் சுருக்கினார்கள். அவன் தலைக்குப் பொருந்தும்படி சின்னதாய் ஒரு கிரீடத்தைத் தனியே செய்தார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தின நாள் ஊர்வலம்தான். செயிண்ட் பால்ஸ் ஆலயத்தின் கோபுரத்திலிருந்து கீழே வரைக்கும் ஒரு கயிறு கட்டி, அதன்மேல் ஒரு கழைக்கூத்தாடி வித்தை காட்டினான். ராஜா அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டான். பிரபுக்கள், குதிரைகள் எல்லாம் பின்னால் காத்திருந்தன. அவனுடைய ராஜரிகத்தில் அவன் பிள்ளையாகவே இருந்த நேரம் என்று நான் வாசித்ததில் இது ஒன்று. இன்னும் அதிகமாய் இருந்திருக்கக்கூடாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது.

பதினாறு பேர் ஒன்றாய்ச் சேர்ந்து தேசத்தை நடத்தவேண்டும் என்று ஹென்றி உயில் எழுதியிருந்தான். சில நாட்களில் அதெல்லாம் காற்றில் போயிற்று. தாய்மாமன் சீமோர் சாமர்செட் பிரபு என்னும் பட்டம் எடுத்து, ராஜ்யத்தின் பாதுகாவலன் ஆனான். அந்த வருஷம் செப்டம்பரில் ஸ்காட்லாந்தின்மேல் படையெடுத்தான். எதற்கு தெரியுமா? அங்கேயும் ஒரு குழந்தை சிங்காசனத்தில் இருந்தாள். மேரி என்று பேர். பிறந்த ஆறாம் நாளிலே ராணியானவள். நாலு வயதுள்ள அவளை எட்வர்டுக்குக் கட்டிவைக்கவேண்டும் என்பதுதான் சண்டை. பிங்கி என்ற இடத்தில் ஆயிரமாயிரம் ஸ்காட்லாந்துக்காரர் ஒரே நாளில் வெட்டுண்டார்கள். கல்யாணமும் நடக்கவில்லை. அந்தச் சிறுமியைக் கப்பலேற்றி பிரான்சுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்னொரு மாமன் தாமஸ் சீமோர். அண்ணன் பையனுக்குக் கைச்செலவுக்குப் பணம் கொடுப்பதில்லை என்று தெரிந்துகொண்டு, வேலைக்காரன் மூலமாய் ரகசியமாகக் காசு அனுப்பினான். ராஜாவுக்கே கைச்செலவுக்குக் காசில்லை, பாருங்கள்! அந்தக் காசு அன்பினால் வந்ததில்லை. 1549 ஜனவரியில் ஒரு ராத்திரி தாமஸ் ராஜாவின் அறைப்பக்கம் புகுந்தான். ராஜாவின் நாய் குரைத்தது. அதைச் சுட்டுப்போட்டான். மார்ச் மாதம் அவன் தலை போயிற்று. மரண உத்தரவில் கையெழுத்திட்டவர்களில் சொந்த அண்ணனும் ஒருவன்.

அதே 1549 அக்டோபரில் சாமர்செட்டுக்கு விரோதமாய் மற்றப் பிரபுக்கள் எழும்பினார்கள். உடனே அவன் ராஜாவை ராத்திரியோடு ராத்திரியாக வின்ட்சர் கோட்டைக்குக் கொண்டுபோனான். பையனுக்கு ஜலதோஷம். உலாவ ஒரு தோட்டம் கூட இல்லை, சிறையில் இருப்பதுபோல் இருக்கிறது என்று குறைப்பட்டானாம். அவனுக்குப் பன்னிரண்டு வயது நிறைய இன்னும் சில நாட்கள் இருந்தன.

சாமர்செட் விழுந்தான். பிற்பாடு நார்தம்பர்லேண்டு பிரபு என்று பட்டம் பெற்ற ஜான் டட்லி எழும்பினான். எட்வர்ட் தன் கைப்பட ஒரு நாட்குறிப்பு எழுதிவந்தான். அது இன்றும் லண்டனில் பத்திரமாய் இருக்கிறது. 1552 ஜனவரி 22-ம் தேதி தாய்மாமன் சாமர்செட்டின் தலை வெட்டப்பட்டது. நாட்குறிப்பில் அதற்கு ஒரே ஒரு வரி. எந்த இடம், காலை எத்தனை மணி, அவ்வளவுதான். அழுதான் என்றோ மகிழ்ந்தான் என்றோ ஒன்றும் கிடையாது. சிலர் இதை வைத்து அவனைக் கல்நெஞ்சன் என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்தக் குறிப்பை யார் யார் எடுத்துப் படிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? பதினாலு வயதுக்குள் எதை எழுதக்கூடாது என்று அந்தப் பிள்ளை படித்துவிட்டான்.

அவனுடைய பக்தி விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அவன் கதை இல்லை. பேராயர் கிரான்மர் உண்டாக்கிய ஆங்கில ஜெபப் புத்தகம் 1549-ல் வெளிவந்தது. 1552-ல் அதைத் திருத்தி மறுபடியும் அச்சிட்டார்கள். அதுவரை லத்தீனில் நடந்த ஆராதனை ஜனங்களின் பாஷையில் நடந்தது. நம்மில் பலருடைய தாத்தா பாட்டிமார் திருநெல்வேலிப் பக்கத்து ஆங்கிலிக்கன் சபைகளில் தமிழ் ஜெபப் புத்தகத்தைக் கையில் வைத்து ஆராதித்தவர்கள்தானே? அந்தப் புத்தகத்தின் வேர் இந்தப் பையனுடைய நாட்களில்தான் இருக்கிறது. கிழவர் லாட்டிமர் அரண்மனைத் தோட்டத்தில் பிரசங்கபீடம் போட்டு, லஞ்சம் வாங்கும் நியாயாதிபதிகளையும் ஏழைகளின் நிலத்தைப் பிடுங்கும் சீமான்களையும் அவர்கள் முகத்துக்கு முன்பாகவே கண்டித்தார். ராஜா ஜன்னலில் இருந்து கேட்டான். கேட்ட பிரசங்கங்களைக் குறிப்பு எடுத்துவைப்பதும் அவனுக்கு வழக்கம். நம்ம பிள்ளைகள் பிரசங்க நேரத்தில் என்ன பண்ணுகிறார்கள் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

இதுவரைக்கும் பலர் சொல்லுவார்கள். அடுத்ததைச் சொல்லமாட்டார்கள். அந்த ஜெபப் புத்தகத்தை எதிர்த்து டெவன், கார்ன்வால் பகுதி ஜனங்கள் 1549-ல் கலகம் செய்தார்கள். கார்ன்வாலில் பலருக்கு ஆங்கிலமே தெரியாது. அவர்களுக்கு லத்தீனும் ஒன்றுதான், ஆங்கிலமும் ஒன்றுதான். ராஜாவின் பேரால் படை போய் ஆயிரக்கணக்கில் கொன்றது. கிறிஸ்துவின் மாம்சத்தைப் பற்றி வேறே விதமாய்ப் போதித்த ஜோன் போச்சர் என்ற பெண்ணை 1550 மே 2-ம் தேதி லண்டனில் உயிரோடே எரித்தார்கள். நாட்குறிப்பில் அதுவும் ஏறியிருக்கிறது, இரக்கம் ஒன்றும் காட்டாமல். பக்தியுள்ள ராஜா, பக்தியுள்ள பேராயர், பக்தியுள்ள ஆலோசனைக்காரர். அப்படியிருந்தும் நடந்தது.

மூத்த அக்காள் மேரி பழைய முறை ஆராதனையை விடமாட்டேன் என்றாள். 1550 கிறிஸ்துமஸ் சமயம் எல்லார் முன்னிலையிலும் தம்பி அவளைக் கடிந்துகொண்டான். அவளுக்கு முப்பத்து நாலு வயது, அவனுக்குப் பதின்மூன்று. அவள் அழுதாள். அதைப் பார்த்து அவனும் அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அதையே சொன்னான்.

1552 ஏப்ரலில் அம்மையும் தட்டம்மையும் வந்து, தேறினான். கூடவே படித்து வளர்ந்த பார்னபி ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற சிநேகிதன் அப்போது பிரான்சில் இருந்தான். அவனுக்கு எழுதிய கடிதங்களில் ஒரு சாதாரணப் பையனின் சத்தம் கேட்கிறது. 1553 தொடக்கத்தில் இருமலும் ஜுரமும் பிடித்தது. அதற்குப்பின் அவன் எழும்பவே இல்லை. காசநோய் என்று பலர் நினைக்கிறார்கள்.

அந்த நாட்களில் பேராயர் ரிட்லி ஏழைகளைக் குறித்து அவன் முன் பிரசங்கித்தார். அது அவன் இருதயத்தில் தைத்தது. லண்டன் நகரத்தாரோடு சேர்ந்து, தகப்பனற்ற பிள்ளைகளுக்குக் கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல், வியாதியஸ்தருக்கு செயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரி, வேலையற்றுத் திரிவோருக்குத் தன் சொந்த அரண்மனையான பிரைடுவெல் என்று ஏற்பாடு ஆயிற்று. கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டலில் 1552 நவம்பரிலே சுமார் 380 பிள்ளைகளைச் சேர்த்துவிட்டார்கள். ராஜா சாசனத்தை அருளியது 1553 ஜூன் 26. அவனுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

அதே ஜூன் மாதம், அதே கை இன்னொரு காகிதத்திலும் எழுதியது. மேரி ராணியானால் செய்ததெல்லாம் அழிந்துபோகும் என்று அவன் பயந்தான். இரண்டு அக்காமாரையும் தள்ளிவிட்டு, தகப்பனுடைய தங்கையின் பேத்தியான ஜேன் கிரேயை வாரிசாக்கினான். அவளை அந்த வருஷம் மே மாதத்தில்தான் டட்லி தன் மகனுக்குக் கட்டிவைத்திருந்தான். முதலில் எழுதினபடி, ஜேனுக்குப் பிறக்கும் ஆண்பிள்ளைகளுக்கே ராஜ்யம். பிள்ளை பிறக்கும்வரை தான் உயிரோடிருக்கமாட்டோம் என்று தெரிந்ததும், ஜேனுக்கும் அவளுடைய ஆண்பிள்ளைகளுக்கும் என்று மாற்றினான். ஓர் எழுத்தை அடித்து, இரண்டு சின்ன வார்த்தைகளை மேலே சேர்த்தான். அந்தத் திருத்தத்தை இன்றும் பார்க்கலாம். நியாயாதிபதிகள் தயங்கினார்கள். படுக்கையில் கிடந்த பையன் கோபித்து, கையெழுத்துப் போடவைத்தான்.

டட்லி சொல்லிக்கொடுத்தானா, அவனே நினைத்தானா என்று சரித்திரக்காரர் இன்னும் வாதாடுகிறார்கள். இரண்டும் கலந்திருக்கும் என்பது என் எண்ணம். ஒன்பது வயதிலிருந்து ஒவ்வொரு பெரியவனும் வந்து காதில் ஓதிக்கொண்டே இருந்தால், எது தன் குரல் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் விலை கொடுத்தது ஜேன். கிரீடம் வேண்டாம் என்று அழுத அந்தப் பெண் ஜூலை 10 முதல் 19 வரைக்கும் ராணி. பிறகு சிறை. 1554 பிப்ரவரி 12-ம் தேதி அவள் தலையும் வெட்டப்பட்டது. பதினாறு, பதினேழு வயதுதான். பின்பு மேரியின் நாட்களில் சுமார் 280 பேர் எரிக்கப்பட்டார்கள். லாட்டிமர், ரிட்லி, கிரான்மர் மூவரும் அவர்களில் உண்டு.

எட்வர்ட் 1553 ஜூலை 6-ம் தேதி சாயங்காலம் கிரீனிச் அரண்மனையில் மரித்தான். பதினாறு வயது நிறைய மூன்று மாதம் இருந்தது. ஜெபித்துக்கொண்டே போனான் என்கிறார்கள். இரண்டு அக்காமாரும் பக்கத்தில் இல்லை. சிறுவயது முதல் அவனோடு விளையாடி வளர்ந்த ஹென்றி சிட்னி என்பவன் அவனைத் தன் கைகளில் தாங்கியிருந்தான். எங்கள் வகுப்புப் பையன் கேட்ட கேள்விக்கு இதைத்தான் பதிலாகச் சொன்னேன். ஒரு சிநேகிதன் இருந்தான் தம்பி என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

ஆகஸ்டு 8-ம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், பாட்டனார் ஏழாம் ஹென்றி கட்டின சிற்றாலயத்தில் பீடத்துக்கு அடியில் அடக்கம் செய்தார்கள். அடுத்த நூற்றாண்டின் யுத்தக் காலத்தில் அந்தப் பீடத்தை உடைத்துப்போட்டார்கள். அதன்பின் வெகுகாலம் அவன் கல்லறைமேல் பேர் எழுதின ஒரு கல் கூட இல்லை. 1966-ல் ஒரு கல் பதித்தார்கள். பதித்தவர்கள், அவன் சாகும் தறுவாயில் சாசனம் கொடுத்த அந்தக் கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் பள்ளிக்கூடத்தார்.