காகிதக் கம்ப்யூட்டர்

செஸ்ஸில் ராணியைப் பறிகொடுத்துவிட்டு நான் முழிக்கும்போதெல்லாம் ஆலன் டூரிங் ஞாபகம்தான் வரும். 1912-ல் லண்டனில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைத்த மேதை. 1948-ல் சாம்பர்நௌன் என்ற நண்பரோடு சேர்ந்து செஸ் புரோகிராம் ஒன்றை உருவாக்கினார். ஓட்ட மெஷின்? தானே மெஷினாக உட்கார்ந்து பேப்பரில் கணக்குப் போட்டார். ஒரு மூவுக்கு அரைமணி நேரம்!

1952-ல் அலிக் கிளென்னியுடன் ஆட்டம். 29-வது மூவில் புரோகிராம் ஆசைப்பட்டு ராணியால் ஒரு சிப்பாயை வெட்டியது. எதிரில் யானை வந்து நின்றது. பின்னால் சொந்த ராஜா. நகர வழியில்லை, ராணி அம்பேல்!

அதே மான்செஸ்டரில் 1951-லேயே டீட்ரிச் பிரின்ஸின் புரோகிராம் நிஜ மெஷினில் ஓடி, இரண்டு மூவில் மேட் வைக்கும் புதிரை விடுவித்திருந்தது. எல்லா மூவையும் ஒண்ணு விடாமல் பார்க்கும். முழு ஆட்டம் ஆடத் தெரியாது. டூரிங்குடையது ஒவ்வொரு நிலைக்கும் மார்க் போட்டு முழு ஆட்டமும் ஆடியது. தோற்றாலும் என் ஓட்டு அதற்கே.

ஓரினச்சேர்க்கைக் குற்றம் என்று அதே 1952-ல் கோர்ட் அவரைத் தண்டித்தது. 1954-ல், 41 வயதில் சயனைடு விஷத்தால் இறந்தார். புரோகிராமை மெஷினில் ஏற்றும் வேலை பாதியில் நின்றது. 2012-ல்தான் மான்செஸ்டரில் கம்ப்யூட்டரில் ஏற்றி அதோடு காஸ்பரோவ் ஆடினார். 16 மூவில் ஜெயித்துவிட்டார்.