அடைப்பைத் திறந்தவர், அடைக்கவும் வழிகாட்டினார்

கல்லீரல் புற்றுக்கட்டிக்கு வயிற்றைத் திறக்காமலே அளிக்கும் சிகிச்சை இன்று பெருநகர மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது. தொடை இடுக்கில் ஒரு சிறு துளை. அதன் வழியே தமனிக்குள் மெல்லிய குழாய். அது கல்லீரலை எட்டியதும் மணல்துகளினும் நுண்ணிய கோளங்களைச் செலுத்தி, கட்டிக்கு இரத்தம் தரும் நாளங்களை அடைத்துவிடுகிறார்கள். என் உறவினர் ஒருவருக்கு இது நடந்தபோதுதான், குழாயைச் சிகிச்சைக் கருவியாக்கியவர் யார் எனத் தேடி, சார்லஸ் டாட்டரை அறிந்தேன்.

1920இல் பாஸ்டனில் பிறந்த டாட்டர், 1952இல் ஓரிகன் மருத்துவக் கல்லூரியின் கதிரியக்கத் துறைத் தலைவரானார். அக்காலத்தில் அத்துறையினரின் பணி படம் எடுத்துக் கொடுப்பதோடு முடிந்துவிடும். நோயைத் தீர்ப்பது அறுவை மருத்துவரின் உரிமை. படம் மட்டும் போதும், சரிசெய்ய முனைய வேண்டாம் என்று பரிந்துரைச் சீட்டிலேயே எழுதி அனுப்பியவர்களும் உண்டு.

1964 ஜனவரி 16 அன்று 82 வயது மூதாட்டி ஒருவர் அவரிடம் வந்தார். கால் விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தன. காலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. குறுகியிருந்த தொடைத் தமனிக்குள் ஒன்றைவிட ஒன்று பருத்த குழாய்களைச் செலுத்தி டாட்டர் வழியை விரித்தார். கால் பிழைத்தது, அம்மூதாட்டி தம் கால்களிலேயே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடமாடினார்.

இருப்பினும் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் நம்பவில்லை. அவர்களை முழுவதும் குறைசொல்ல எனக்கு மனமில்லை: கித்தார் கம்பியையும் காரின் வேகமானிக் கேபிளையும் கருவியாக்கிப் பார்த்த மனிதரை, கிறுக்கர் என்று பெயர் வாங்கியவரை, யார்தான் எளிதில் நம்புவார்? ஐரோப்பிய மருத்துவர்களோ அம்முறைக்கு அவர் பெயரையே சூட்டினர்.

திறந்த கையே பின்னர் அடைக்கவும் செய்தது. இரைப்பை, குடல் இரத்தப்போக்கை நிறுத்த, நோயாளியின் சொந்த இரத்தக்கட்டியையே தமனிக்குள் செலுத்தும் முறையை, செக் நாட்டிலிருந்து வந்த யோசப் ரோஷ் முதலியோருடன் சேர்ந்து 1972இல் வெளியிட்டார். கல்லீரலுக்கு இது பொருந்தியதற்கு உடற்கூறே காரணம். கல்லீரல் தன் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைப் போர்ட்டல் சிரையிலிருந்து பெறுகிறது. அதில் வளரும் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனியையே நம்பியிருக்கிறது. தமனியை அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும், கல்லீரல் பிழைத்துக்கொள்ளும். ஒசாகாவில் ரியூசாகு யமாடா ஜெலட்டின் பஞ்சைக் கொண்டு இதைச் செய்துகாட்டினார். அளவு சீரான நுண்கோளங்கள் அதற்கும் பிந்தியவை.

1978இல் டாட்டர் பெயர் நோபல் பரிசுக்கு முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. ஹாட்கின் புற்றுநோயையும் தாங்கிக்கொண்டு மேட்டர்ஹார்ன் சிகரம் ஏறிய அவர் 1985இல் காலமானார். அதற்குள் பலூன் பொருத்திய குழாய்கள் இதயத் தமனிகளையே திறக்கத் தொடங்கியிருந்தன.