மனநோயாளிகளுக்காக உழைத்த மைசூர் டாக்டர் கோவிந்தசாமி

பெங்களூரில் ஓசூர் ரோடு வழியாகப் போகிறவர்களுக்கு நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியைத் தெரியாமல் இராது. சேலம், தர்மபுரி, வேலூர் என்று தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து இரவு பஸ் பிடித்து, விடியற்காலையில் அதன் வாசலில் வந்து நிற்கும் குடும்பங்கள் ஏராளம். அந்த வளாகத்தில் டாக்டர் எம்.வி. கோவிந்தசாமி பெயரில் ஒரு மையம் இருக்கிறது. மருத்துவ உலகில் பெரிய பெயர் அது. ஆனால் வாசலில் காத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அவர் யார் என்று தெரியாது. மைசூர் சமஸ்தானம் இந்தியாவுக்குத் தந்த தலைசிறந்த மனநோய் மருத்துவர் அவர். 1904-ல் பிறந்து 1961-ல் மறைந்தார்.

அவர் வாலிபராக இருந்த காலத்தில் மைசூர் நகரம் அரண்மனைக்கும் தசரா ஊர்வலத்துக்கும் மட்டும் பேர் போனதாக இருக்கவில்லை. 1916-ல் அங்கே பல்கலைக் கழகம் தோன்றியது. வங்காளத்துத் தத்துவ மேதை பிரஜேந்திரநாத் சீல் துணைவேந்தராக வந்து சேர்ந்தார். 1924-ல் மகாராஜா கல்லூரியில் உளவியலுக்கென்று தனித் துறையே ஏற்பட்டது. லண்டனில் பேராசிரியர் ஸ்பியர்மனிடம் பயின்று திரும்பிய எம்.வி. கோபாலசாமி அதை நடத்தினார். (கோபாலசாமி வேறு, கோவிந்தசாமி வேறு. 1935-ல் தம் வீட்டிலேயே ஆகாசவாணி என்ற வானொலி நிலையத்தை ஆரம்பித்தவர் கோபாலசாமிதான்.) இந்தச் சூழலில் கோவிந்தசாமி உளவியலையும் கற்றார், மருத்துவத்தையும் கற்றார். அந்த நாளில் இரண்டையும் அறிந்த டாக்டர்கள் நம் நாட்டில் மிக அபூர்வம்.

சமஸ்தானம் அவரை மேல்படிப்புக்காக வெளிநாடு அனுப்பியது. லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில் பயின்றார். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அடால்ஃப் மேயரிடமும் பயிற்சி பெற்றார். இந்த மேயர் சுவாரசியமான மனிதர். ஆரம்பத்தில் இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்து நோயின் வேரைத் தேடியவர். பிற்பாடு, நோயாளியின் வாழ்க்கைக் கதையைக் கேட்காமல் நோய் விளங்காது என்ற முடிவுக்கு வந்தவர். மூளையா, மனமா என்று சண்டை போடாமல் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கத்தைக் கோவிந்தசாமி கடைசி வரை விடவில்லை.

ஊர் திரும்பியவர், 1930-களின் பிற்பகுதியில் பெங்களூர் மனநோய் ஆஸ்பத்திரியின் பொறுப்பை டாக்டர் பிராங்க் நரோனாவுக்குப் பின் ஏற்றார். அதே சமயம் மாட்ஸ்லியின் தலைவர் மேப்போதர் இலங்கை அரசின் அழைப்பில் வந்து, இந்திய ஆஸ்பத்திரிகளையும் சுற்றிப் பார்த்தார். பல இடங்களைக் கண்டு மனம் நொந்தவர், பெங்களூரைப் பற்றி மட்டும் நல்ல அபிப்பிராயத்தோடு போனார்.

அங்கிருந்த நோயாளிகளில் பலருக்கு வந்திருந்தது மனச்சிதைவு நோய். ஆங்கிலப் பெயர் ஸ்கீஸோப்ரினியா. ஏறக்குறைய நூறு பேரில் ஒருவரை வாழ்நாளில் ஒரு முறையாவது தொடும் நோய் இது. பெரும்பாலும் படித்துக் கொண்டிருக்கும் வயதில், வேலைக்குச் சேர்ந்த புதிதில் வரும். யாருமே பேசாதபோது காதில் குரல் கேட்கும். திட்டும், ஏவும், தனக்குள் இருவர் பேசிக் கொள்வது போல் இருக்கும். அடுத்த வீட்டுக்காரர் சதி செய்கிறார், ரேடியோவில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றும். வீட்டார் என்ன செய்வார்கள்? பேய் பிடித்தது என்பார்கள், செய்வினை என்பார்கள், வேப்பிலை அடிப்பார்கள். கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று இன்னொரு குடும்பத்தையும் கஷ்டத்தில் இழுத்து விடுவதும் உண்டு.

டாக்டர்களின் கையிலும் அப்போது சரியான மருந்து இல்லை. ஹங்கேரி நாட்டு மெடூனா, காக்காய் வலிப்பு உள்ளவர்களுக்கும் மனச்சிதைவு உள்ளவர்களுக்கும் மூளைத் திசுக்கள் எதிரெதிராக இருப்பதாகக் கருதினார். அப்படியானால் வலிப்பை வரவழைத்தால் மனச்சிதைவு குறையுமே என்று 1934-ல் சோதனையில் இறங்கினார். கார்டியசால் என்ற மருந்தை நரம்பில் செலுத்தினால் சில வினாடிகளில் வலிப்பு வரும். கொள்கை தவறு என்று பிற்பாடு தெரிந்தது. ஆனாலும் கல்லாய்ச் சமைந்து கிடந்த சில நோயாளிகள் எழுந்து பேசியது உண்மை. வலிப்புக்கு முந்திய அந்த நொடிகளில் உயிர் போவது போன்ற திகில் அவர்களை ஆட்டியதும் முதுகெலும்பு முறிந்ததும் அதே அளவு உண்மை. இந்தச் சிகிச்சையைக் கோவிந்தசாமி பெங்களூரில் செய்து பார்த்து, 1939-ல் லண்டன் லான்செட் பத்திரிகையில் எழுதினார். 1944-ல், அறுவை மருத்துவர் பாலகிருஷ்ண ராவுடன் சேர்ந்து, மூளையின் முன்பகுதி நரம்பிழைகளை அறுக்கும் லூகாட்டமி ஆபரேஷனைப் பற்றியும் அதே பத்திரிகையில் எழுதினார்.

இன்று படிக்கும்போது மனம் திடுக்கிடுகிறது. போர்ச்சுக்கலின் மோனிஸுக்கு இந்த ஆபரேஷனுக்காக 1949-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் உலகமே அதைக் கைவிட்டது. 2017-ல் வந்த மனநலச் சட்டப்படி இத்தகைய ஆபரேஷனுக்கு நோயாளியின் சம்மதமும் மனநல வாரியத்தின் அனுமதியும் தேவை. மயக்க மருந்து கொடுக்காமல் மின்னதிர்ச்சி தருவதும் சங்கிலியால் கட்டுவதும் குற்றம். கோவிந்தசாமி காலத்து மருத்துவர்கள் செய்ததை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் வேறு வழியே இல்லை என்று ஆயுள் முழுதும் ஒருவரைப் பூட்டி வைப்பதுதான் அன்று மாற்று என்பதையும் மறக்கலாகாது.

மேல்நாட்டு முறைகளோடு அவர் நின்று விடவில்லை. இந்தியத் தத்துவ நூல்களிலும் ஆயுர்வேதத்திலும் மனநோய் பற்றி உள்ளவற்றை முறையாக ஆராய வேண்டும் என்று 1940-களிலேயே சக மருத்துவர்களிடம் வற்புறுத்தினார். அது வெறும் பழம்பெருமை அல்ல. பீகாரில் பைத்தியத்துக்கு மருந்தாகக் கொடுத்து வந்த சர்ப்பகந்தா வேரைப் பற்றிக் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் 1931-லேயே எழுதியிருந்தார்கள். அந்த வேரிலிருந்து 1952-ல் ஸ்விட்சர்லாந்தில் ரெசர்பின் பிரிக்கப்பட்டது. ஸ்வீடனில் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவை அசையாமல் கிடந்தன. மூளையில் டோபமின் என்ற ரசாயனம் வற்றியதே காரணம் என்று 1950-களின் இறுதியில் கண்டறிந்தார். மனச்சிதைவில் மூளையின் ஒரு பகுதியில் டோபமின் அளவு மீறிச் சுரக்கிறது என்ற இன்றைய அறிவுக்கு வழி திறந்த கண்டுபிடிப்புகளில் இது ஒன்று. டோபமின் மிகும்போது சாதாரண விஷயமும் ஏதோ பெரிய அர்த்தம் உள்ளதாகத் தோன்றுகிறது. காக்கை கத்தினால் அது தனக்குச் சேதி. பஸ் நம்பர் தனக்கு எச்சரிக்கை.

குரல் கேட்பதன் ரகசியமும் ஓரளவு பிடிபட்டிருக்கிறது. நாம் எல்லோரும் மனதுக்குள் பேசிக் கொள்கிறோம். அப்படிப் பேசும்போது மூளையின் பேச்சுப் பகுதி, இது நம்முடைய பேச்சுத்தான் என்று கேள்விப் பகுதிக்கு முன்கூட்டியே தகவல் தந்து விடுகிறது. இந்த நோயில் அந்தத் தகவல் சரியாகப் போய்ச் சேருவதில்லை என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. தன் பேச்சே அயலான் பேச்சாகக் கேட்கிறது. கோவிந்தசாமி பயின்ற மாட்ஸ்லியைச் சேர்ந்தவர்கள் 12 நோயாளிகளைப் பரிசோதித்து, குரல் கேட்கும் நேரத்தில் மூளையின் பேச்சுப் பகுதியில் ரத்த ஓட்டம் கூடுவதை 1993-ல் லான்செட்டில் காட்டினார்கள். ஆக, நோயாளி நடிக்கவில்லை, பொய் சொல்லவில்லை. அவர் மூளைக்கு அந்தக் குரல் நிஜம்.

இத்தனை வந்தும், ரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ எடுத்து இது மனச்சிதைவு என்று இன்னும் சொல்ல முடிவதில்லை. டாக்டர் எதிரில் உட்கார்ந்து, பொறுமையாகக் கதை கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த வகையில் மேயர் தோற்கவில்லை.

கோவிந்தசாமி கட்டி எழுப்பியவற்றில் நிலைத்து நிற்பது பயிற்சி நிலையம்தான். 1946-ல் போர் கமிட்டி அறிக்கை, நாட்டில் மனநோய் மருத்துவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவே இருப்பதைச் சுட்டிக் காட்டியது. அதன் விளைவாக 1954 டிசம்பர் 27-ந் தேதி பெங்களூரில் அகில இந்திய மனநல நிலையம் பிறந்தது. முதல் டைரக்டர் கோவிந்தசாமி. மருத்துவர், உளவியலாளர், நர்ஸ் மூவரையும் ஒரே கூரையின் கீழ் பயிற்றுவித்தார்கள். 1974-ல் இந்த நிலையமும் பழைய ஆஸ்பத்திரியும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின.

இந்த நிலையத்தில் 1950-களின் இறுதியில் பயின்றவர்களில் ஒருவர் டாக்டர் சாரதா மேனன். சென்னை கீழ்ப்பாக்கம் மனநோய் ஆஸ்பத்திரியை 1961 முதல் 1978 வரை நடத்தியவர். மனச்சிதைவு நோயாளிகளுக்கென்றே 1984-ல் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கியவர். ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்த 28 பேர் தீயில் மாண்ட 2001-ம் ஆண்டிலும், கீழ்ப்பாக்கத்திலும் பெங்களூரிலும் வெளி நோயாளிகளுக்கு மாத்திரை கிடைத்துக் கொண்டுதான் இருந்தது. 1980-களில் நிம்ஹான்ஸ் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே அந்த மாத்திரைகளைக் கொடுத்து வெற்றி கண்டது. 1996 முதல் அதே ஏற்பாடு ஒவ்வொரு மாவட்டமாக நாடெங்கும் பரவி வருகிறது.