'கிளாடியேட்டர்' படத்துக்கு விதை போட்ட ஓவியர்... யார் இந்த ஜெரோம்?

'கிளாடியேட்டர்' பார்த்திருக்கீங்களா? இயக்குநர் ரிட்லி ஸ்காட்டை அந்தக் கதைக்குள் இழுத்ததே ஓர் ஓவியம்தான். விழுந்து கிடக்கும் வீரனைக் கொல்லச் சொல்லி, கட்டைவிரலைக் கீழே காட்டும் ரோமானியக் கூட்டம்!

1872-ல் அதை வரைந்தவர் பிரான்ஸின் ழான் லியோன் ஜெரோம். 1824-ல் பிறந்தவர். பாரிஸ் அரசு ஓவியப் பள்ளியில் பேராசிரியர். பேரும் புகழும் கொடிகட்டிப் பறந்தன. ஆனால், மோனே, ரெனுவார் போன்றோரின் புதுப் பாணி மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது.

1894-ல் மறைந்த ஓவியர் கைபோத், தான் சேர்த்த அவர்களின் ஓவியங்களை அரசுக்கு எழுதி வைத்திருந்தார். வாங்கவே கூடாதுன்னு போர்க்கொடி தூக்கினார் ஜெரோம். அப்படியும் ஒரு பகுதியை அரசு ஏற்றது.

1904-ல் ஜெரோம் மறைந்தார். அவர் எதிர்த்தவர்கள் உலகப் புகழ் பெற, அவர் பெயர் மங்கிப்போனது. பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் 2010-ல்தான் அவருக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது. இன்று மோனேவும் ஜெரோமும் இருப்பது அங்கே, ஒரே கூரையின் கீழ்!