தணிகைக் கச்சியப்ப முனிவர்

பிறவிப்பயன் யாதென வினவுவார்க்குத் திருத்தணிகையிற் பிறந்த கச்சியப்ப முனிவரது வாழ்க்கையே விடையாம். இவர் தம் ஊரினின்றும் நீங்கித் திருவாவடுதுறை ஆதீனத்தை அடைந்து, மாதவச் சிவஞான முனிவரை ஆசிரியராகப் பெற்று, இலக்கண இலக்கியங்களையும் சித்தாந்த சாத்திரங்களையும் ஓதியுணர்ந்தனர். ஆசிரியர் காஞ்சிப்புராணத்தின் முதற்காண்டத்தை இயற்ற, இரண்டாங்காண்டத்தை இவர் இயற்றினர். விநாயக புராணமும், பேரூர், திருவானைக்கா முதலிய தலங்கட்குப் புராணங்களும் அருளினர். தாம் பிறந்த மலையையும் மறந்தாரல்லர். தணிகைப்புராணம் அதற்குச் சான்று. 1790-ஆம் ஆண்டிற் காஞ்சியிற் சிவபதம் எய்தினர்.

தமக்கென ஒரு நெறியைத் தனியே தேடாது, குருவின் பணியைத் தம் பணியாகக் கொண்டு, கற்றதனைத்தையும் இறைவன் திருவடிக்கே ஆக்கினமையின், இவர் கல்விப்பயனும் பிறவிப்பயனும் ஒன்றாயின. கற்றோமெனத் தருக்கும் நாம், நம் கல்வி எவர்க்கு ஆயிற்றென ஒருகால் எண்ணுவோமாக.