ஆசிரியைகளை உருவாக்கிய சகோதரி

ஆசிரியர் பயிற்சிக்குப் போனவர்கள் யாரும் மறக்காத நாள் ஒன்று உண்டு. கையில் சாக்பீஸ், எதிரே வகுப்பு நிறையப் பிள்ளைகள், பின் பெஞ்சில் குறிப்பெழுதும் வழிகாட்டி ஆசிரியர். நமக்கோ நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த நாளைத் தமிழகப் பெண்கள் பலருக்கும் பெற்றுத் தந்தவர் சகோதரி ஆர்.எஸ். சுப்பலட்சுமி. பி.எட். சேரும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? அதனால்தான் இந்த மலரில் அவரைப் பற்றிச் சில பக்கங்கள்.

1886-ல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் தஞ்சைப் பக்கத்து ரிஷியூர். அப்பா சுப்பிரமணிய ஐயர் பொறியாளர். ஒன்பது வயதில் நாலாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி, செங்கல்பட்டு மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். பதினோரு வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துபோனார்.

அந்தக் காலத்தில் அந்தச் சாதியில், அதோடு ஒரு பெண்ணின் கதை முடிந்தது என்று அர்த்தம். தலையை மழித்து, அடுப்பங்கரை மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். நல்ல காரியத்துக்கு யாராவது கிளம்பினால் எதிரே வரக்கூடாது. சுப்பலட்சுமியின் பெற்றோர் தங்கள் மகளை அப்படி உட்கார வைக்கவில்லை, படிக்க வைத்தார்கள். ஊர் சும்மா இருக்குமா? வாய்க்கு வந்தபடி பேசியது. தானும் ஒரு விதவையான சித்தி வாலாம்பாள் கூடவே துணையாக நின்றார். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறினார் சுப்பலட்சுமி. சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவர்தான்.

அப்போது மாகாணத்தில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. பெண் பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்துவிட்டால் ஆண் வாத்தியாரிடம் அனுப்பமாட்டார்கள். ஆசிரியைகளோ போதுமான அளவு இல்லை. கல்யாணமான பெண்ணை வேலைக்கு விடுவாரில்லை. இன்னொரு பக்கம், எட்டு வயதிலும் பத்து வயதிலும் தாலியறுத்த பெண்கள் வீட்டுக்கு வீடு முடங்கிக் கிடந்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் சுப்பலட்சுமி. ஊர் ஒதுக்கிய அந்தப் பெண்களையே ஊருக்கு ஆசிரியைகளாக்கினால் என்ன? கல்வித்துறையில் பெண்கல்வி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் அம்மையார் கைகொடுத்தார்.

1912-ல் எழும்பூர் வீட்டில் நாலே நாலு பெண்களோடு விடுதி ஆரம்பமானது. அதே ஆண்டில் சாரதா மகளிர் சங்கமும் பிறந்தது. பெண்கள் பெருகவே இடம் போதவில்லை. பிறகு திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸுக்கு விடுதி போனது. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ்கட்டியைச் சேமித்து வைத்த கட்டடம் அது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும் என்றே நடந்தது. மற்ற வீடுகளில் இருந்த பெண்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 1922-ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தபோது அந்த வேலி அங்கே இல்லை. அதன் முதல் தலைவர் சுப்பலட்சுமியே.

இந்தக் கல்லூரியில் கவனிக்க வேண்டிய விஷயம், அதோடு சேர்த்தே தொடங்கிய மாதிரிப் பள்ளி. காலையில் உளவியலும் கற்பிக்கும் முறையும் ஏட்டில் படித்துவிட்டு, சமயம் வரும்போது பார்க்கலாம் என்று விடமுடியாது. பக்கத்திலேயே நிஜமான பிள்ளைகள், நிஜமான வகுப்பு. பாடக்குறிப்பு எழுது, நடத்து, தவறைக் கேட்டுத் தெரிந்துகொள், மறுபடி நடத்து. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவே கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு இது சாதாரணமா? குரல் எழும்புவதே அங்கே முதல் பாடம்.

ஓய்வு என்று அவர் உட்காரவில்லை. 1942-ல் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலயம், 1954-ல் தாம்பரம் அருகே மாடம்பாக்கத்தில் பெண்கள், குழந்தைகள் நல மையம் என்று நடந்துகொண்டே இருந்தார். 1952 முதல் 1956 வரை சட்டமேலவையிலும் இருந்தார். 1958-ல் பத்மஸ்ரீ. 1969 டிசம்பரில், 83 வயதில் காலமானார்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியிலேயே இருக்க வேண்டும். ரெகார்டு நோட்டை நிரப்பி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலைப் பள்ளிகள். அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர், தங்கள் வீட்டில் முதன்முதலாகப் புத்தகம் தொடுகிறவர்கள். நமக்கு அது பயிற்சிக் காலம். அந்தப் பிள்ளைக்கு அந்த வருஷம் திரும்ப வராது. தம்பி தங்கைகளே, இதை மனதில் வைத்து மலையேறுங்கள். சகோதரிக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.